மூன்று எழுத்துச் சிவரஞ்சனி

லுணுகலைக்கு மேலே, பஸ் போகிற ரோட்டிலிருந்து முக்கால் மணி நேரம் மலை ஏறி நடந்தால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குத்தான் எனக்கு முதல் நியமனம். எனக்கு முன்பு அங்கே தரம் ஒன்றைப் படிப்பித்த டீச்சர் அன்றைக்குத்தான் மாற்றலாகிப் போகிறார். கொப்பிக் கட்டையும் வரவு இடாப்பையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு வாசல்வரை போனவர், குடையை மறந்துவிட்டவர் மாதிரித் திரும்பி வந்தார்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பிள்ளைக்காம்பராவுல இருந்து வர்ற புள்ளைங்க கொஞ்சம் வாயாடிங்க. நாம எதச் சொன்னாலும் 'எப்புடித் தெரியும்'னு கேக்குங்க. கோவத்துல அடிச்சுப் போட்றாதீங்க. அதுங்க மேல தப்பு இல்ல. அங்க ஒரு ஆயம்மா இருக்காங்க, அவங்க பழக்கி விட்ட பழக்கம்."

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். கேள்வி கேட்கிற பிள்ளை எந்த டீச்சருக்குத்தான் வேண்டாம் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மை மூன்று நாள் தாங்கியது.

பிள்ளைக்காம்பரா எங்கள் பாடசாலைக்கு நேர் கீழே இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் சேராத பிள்ளைகளையும் காலையில் விட்டுவிட்டு மாலையில் கூட்டிப்போகிற இடம் அது. என் வகுப்பு ஜன்னலில் நின்றால் அதன் தகரக் கூரையும் முன்வாசல் சிமெண்டுத் தரையும் தெரியும். அந்தத் தரையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருக்கிற ஆயம்மாவும் தெரிவார். சுற்றிலும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருக்கும். ஒன்று மடியில், ஒன்று முதுகில், ஒன்று அவருடைய தலைமுடியைப் பிரித்துப் பேன் பார்த்துக்கொண்டு.

அவருக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, பெரிய கண், முன்பல் ஒன்று நுனி உடைந்தது. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எதையும் விரலை வைத்து மெதுவாகத்தான் வாசிப்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "இதெல்லாம் இப்புடித்தான் நடந்துச்சின்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தாலும் வந்துவிடுவார். வந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தக் கேள்வியை அவர் சண்டை பிடிக்கிற குரலில் கேட்கமாட்டார். இன்றைக்கு என்ன கறி என்று பக்கத்துக் காம்பராவில் கேட்பது போலத்தான் இருக்கும். பதில் சொன்னால் முகம் மலர்ந்து, "அப்புடிங்களா" என்று கேட்டுக்கொள்வார். பதில் இல்லாதவர்களுக்குத்தான் அது சுருக்கென்று குத்தும். எனக்கு அடிக்கடி குத்தியது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மூக்கு மேல் கோபம். என் அப்பா லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தவர். பசறை பஜாரில் ஒரு தையல் கடை போட்டு எங்களை வெளியே கொண்டுவந்தார். வெளியே வந்தவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் மேல் ஒரு இளக்காரம் வரும். எனக்கும் இருந்தது. கல்வியியல் கல்லூரியில் மூன்று வருடம் படித்து, கையில் சான்றிதழோடு வந்தவளுக்கு, தோட்டத்துப் பிள்ளைகள் என்றால் இவ்வளவுதான் வரும் என்ற ஒரு அளவு மனதில் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த இளக்காரத்தால்தான் சிவரஞ்சனி என்ற ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பப் பார்த்தேன். ஆயம்மாவும் நானும் மோதிக்கொண்டது அவளுக்காகத்தான். அதைச் சொல்வதற்கு முன்பு, அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மாதம் ஒரு தடவை வந்து பிள்ளைகளைத் துணித் தூளியில் போட்டு, உத்திரத்தில் கட்டிய தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். ஒரு மாதம், எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறை கூடியிருக்கிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். தாய்மாருக்கும் சந்தோஷம். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

"எப்புடிங்கய்யா தெரியும்?" என்றார் ஆயம்மா.

"முள்ளு காட்டுதே, கண்ணு தெரியலயா?"

"புள்ளய எறக்கிட்டு ஒருக்கா முள்ளப் பாருங்கய்யா."

இறக்கிவிட்டுப் பார்த்தால், தூளியில் ஒன்றுமே இல்லாதபோதும் முள் அரைக் கிலோவில் நின்றது. ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு அவரே சிரித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் முதலில் இருந்து நிறுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நிறுக்கத் தொடங்குமுன், "ஆயம்மா, வந்து முள்ளப் பாத்துக்குங்க" என்று கூப்பிடுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

மழைக்காலத்தில் பிள்ளைக்காம்பராவின் பின்சுவரில் ஒரு வெடிப்பு ஓடியது. மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை ஆட்களோடு மூடிய பிறகு, எங்கள் பக்கத்தில் சுவரில் ஒரு கீறல் கண்டாலே ராத்திரி யாரும் தூங்கமாட்டார்கள். தோட்டத்து ஆபீசிலிருந்து பார்க்க வந்த ஒருவர், "பழைய வெடிப்புதான், ஒண்ணும் ஆகாது" என்றார். எப்படித் தெரியும் என்று ஆயம்மா கேட்டார். வந்தவர் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார். இவர் அதற்காகக் கத்தவில்லை, மனுவும் எழுதவில்லை. வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். தினமும் காலையில் ஒரு பிள்ளை போய் வெடிப்பு கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடியும்வரை நான் ஜன்னலில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூக்கு ஒழுகுகிற நான்கு வயதுப் பிள்ளை சுவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "தாண்டல ஆயம்மா, கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் நிக்கிது" என்று கத்தும். எனக்கும் அன்றைய நாள் நிம்மதியாகத் தொடங்கும்.

உள்சுவர் முழுக்கக் கடதாசி ஒட்டி வைத்திருந்தார். சோப்பு உறை, பிஸ்கட் பைக்கட், தீப்பெட்டி மேலட்டை, பழைய கலண்டர் தாள், உரப்பையில் எழுத்து இருந்த பகுதி, எல்லாம் பிள்ளைகளின் கண் மட்டத்தில். நான் முதலில் அதைப் பார்த்துவிட்டு, குப்பையை ஏன் ஒட்டி வைத்திருக்கிறார் என்று மூக்கைச் சுளித்தேன். ஒரு நாள் மழைக்கு ஒதுங்கியபோது அவர் அதை வைத்து விளையாடுவதைப் பார்த்தேன்.

"இது சோப்புக் கடதாசின்னு எப்புடித் தெரியும்?"

"மோந்து பாத்தேன்" என்றது ஒன்று.

"நீலமா இருக்கு" என்றது இன்னொன்று.

மூன்றாவது பிள்ளை எழுந்துபோய் விரலை வைத்தது. "இந்த எழுத்து காதோலை மாதிரி சுருண்டிருக்கு. எங்க காம்பரா சோப்புலயும் இருக்கு."

மூன்றையும் அவர் சரி என்றார். அடுத்த நாள் அதே நீலத்தில் ஒரு பிஸ்கட் உறையைக் கொண்டுவந்து ஒட்டினார். நிறத்தைச் சொன்ன பிள்ளை ஏமாந்துபோய் அதைச் சோப்பு என்றது; மற்றவை கைகொட்டிச் சிரித்தன. அதற்கு அடுத்த நாள் அந்தப் பிள்ளையும் எழுத்தைத்தான் பார்த்தது. அ, ஆ என்று ஒரு எழுத்தைக்கூட அவர் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியத்தை உண்டாக்கிவிடுவார், அவ்வளவுதான். கல்லூரியில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு எழுதி நல்ல புள்ளியும் எடுத்திருந்தேன். கண்ணெதிரே நடந்தபோது எனக்குத் தெரியவில்லை.

என் வகுப்பில் பட அட்டைகள் இருந்தன. நானே சொந்தமாக வரைந்து, நிறம் தீட்டி, ஓரத்தில் ரிப்பன் ஒட்டிக் கொண்டுபோனவை. படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லி, முதல் எழுத்தை எழுத வேண்டும். ஓடத்தைக் காட்டினால் வகுப்பு முழுக்க "வாழமடல்" என்றது. வீட்டைக் காட்டினேன். ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், முன்னால் பூந்தோட்டம், கேட். சிவரஞ்சனி எழுந்து, "பங்களா டீச்சர், தோட்டத்துத் தொர இருக்குற பங்களா" என்று சொல்லிவிட்டு "ப" என்று எழுதினாள். மற்றப் பிள்ளைகளும் அவளைப் பார்த்து எழுதின.

அன்றைக்கு இடைவேளையில் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கிப் போய், கோபத்தை அவரிடம் கொட்டினேன். எனக்கு அங்கே பேச வேறு ஆள் இல்லை. அவர் தகரக் குவளையில் தேத்தண்ணி ஊற்றி, ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தார். அந்தச் சம்பலின் உறைப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

"வீடுகூடத் தெரியாத புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் என்னத்தப் படிப்பிக்கிறது ஆயம்மா?"

"தெரியாதுன்னு எப்புடித் தெரியும்?"

"வீட்டக் காட்டினா பங்களாங்குதுங்க."

அவர் அட்டையை வாங்கிக் கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தார். "பங்களாதானே டீச்சர் இது? இந்தத் தோட்டத்துல இப்புடி கேட்டு வச்சி, பூ வச்சி, தனியா நிக்கிறது வேற எது? ஓடத்த நான்கூடப் பாத்ததில்ல. பதுளைக்குப் போறப்ப ஆத்தப் பாத்திருக்கேன், அதுல ஓடம் போகாது." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒங்க அப்பா லயத்துலதானே பொறந்தாரு, சின்னப்புள்ளையில அவரு வீடுன்னு எதச் சொல்லிருப்பாரு?" என்றார்.

மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டேன். ஆனாலும் மனது கேட்காமல் அன்று மாலை பசறைக்குத் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நாங்க காம்பரான்னுதான் சொல்லுவோம். வீடுன்னா கல்யாண வீடு, எழவு வீடு. வேற ஏது வீடு?" என்றார்.

இன்னொரு தடவை ஆயம்மா கேட்டது நியாயமே இல்லாதது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். என் கணவர் அப்போது கட்டாரில் வேலையில் இருந்தார். "அவரு நல்லா இருக்காருங்களா?" என்று ஆயம்மா விசாரித்தார். நல்லா இருக்காரு என்றேன். வாய் தவறித்தான் கேட்டாரோ என்னவோ, "எப்புடித் தெரியும்?" என்றார். ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே இறங்கவில்லை. எட்டாம் நாள் ஒரு சின்னப் பிள்ளை மூச்சு வாங்க மேலே ஏறி வந்து, வாழை இலையில் சுற்றிய ரொட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, "ஆயம்மா தப்பாக் கேட்டுட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு ஓடியது. நான் அழுதுவிட்டேன். அவர் கேட்ட கேள்வி எனக்குள்ளேயும் தினமும் இருந்த கேள்விதான்.

இனிச் சிவரஞ்சனி.

என் வகுப்பில் காலையில் முதல் வேலை, கொப்பியில் அன்றைய திகதியை எழுதி, கீழே தங்கள் பெயரை எழுதுவது. சிவரஞ்சனி சில நாள் "சிவரஞ்சனி" என்று முத்து முத்தாக எழுதுவாள். சில நாள் "சிவர" என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள்.

"மிச்சம் எங்க?" என்று கேட்பேன்.

"இன்னைக்கு அவ்வளவுதான் டீச்சர்."

"முழுசா எழுது."

தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், எழுதமாட்டாள். அடுத்த நாள் பார்த்தால் ஆறு எழுத்தும் அழகாக இருக்கும். நேற்றுத் தெரிந்தது இன்றைக்கு மறந்துபோகிற பிள்ளை, வீட்டுக்குப் பங்களா என்கிற பிள்ளை, சொன்னால் பிடிவாதமாக நிற்கிற பிள்ளை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, மந்தம் என்று முடிவு கட்டினேன். "இன்னைக்கு" என்று அவள் சொன்ன சொல் என் காதில் ஏறவே இல்லை.

படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு நடத்துகிற விசேட கல்வி அலகு இருந்த பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பரிந்துரைப் படிவத்தை நிரப்பி, தாயைக் கூப்பிட்டேன். கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தழும்பு நெற்றியில் தெரிய, மலையில் இருந்து நேரே வந்தாள்.

"டீச்சர் சொன்னா சரிதாங்க" என்று கையெழுத்துப் போட்டாள். "ஆனா அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போக ஆள் இல்லீங்க. காம்பராவுலயே இருக்கட்டும். தம்பியப் பாத்துக்குவா."

அனுப்புவது என்றால் நிறுத்துவதுதான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் படிவத்தை ஒரு தடவை நிரப்பியாகிவிட்டது. பாடசாலை அதிபரும் கையெழுத்து வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகிற படிவக் கட்டோடு அதுவும் சேர்ந்துவிடும்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு, இடுப்பில் ஒரு கைப்பிள்ளையோடு ஆயம்மா மேலே ஏறி வந்தார். அவர் பாடசாலைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைக்காம்பராக்காரர்கள் இங்கே வந்து மூக்கை நுழைக்கக் கூடாது என்று அதிபர் ஏற்கெனவே ஒரு தடவை சத்தம் போட்டிருந்தார்.

"சிவரஞ்சனிய நிப்பாட்டப் போறீங்களாம் டீச்சர்."

"நிப்பாட்டல. விசேட அலகுக்கு அனுப்புறோம்."

"அதுக்குப் படிப்பு ஏறாதுன்னு எப்புடித் தெரியும்?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "நான் மூணு வருசம் இதுக்குன்னே படிச்சிட்டு வந்திருக்கேன். நீங்க அஞ்சாம் வகுப்பு. யாருக்குத் தெரியும்னு நெனைக்கிறீங்க?"

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் முகத்தில் ஒரு கோபமும் இல்லை.

"ஒங்களுக்குத்தான் டீச்சர் தெரியும். அதான் ஒங்ககிட்ட கேக்குறேன்."

சிவரஞ்சனியின் கொப்பியை எடுத்து மேசையில் பொத்தென்று போட்டேன். அவர் கைப்பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தப் பிள்ளை என் மாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் முதலில் இருந்து கடைசிவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்ப முதலில் இருந்து.

"அது பேருல எத்தன எழுத்து டீச்சர்?"

"ஆறு."

"கொறயிறப்ப எப்பவும் மூணுதான் எழுதிருக்கு. ரெண்டும் இல்ல, நாலும் இல்ல. மறந்துபோற புள்ள எப்புடி எல்லா நாளும் சரியா பாதியில மறக்கும்?"

நான் கொப்பியை என் பக்கம் திருப்பினேன். உண்மைதான். ஒரு நாள்கூட "சிவ" இல்லை. ஒரு நாள்கூட "சிவரஞ்" இல்லை.

அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, அது என்ன கிழமை என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு பக்கத்தைக் கேட்டார். அதையும் சொன்னேன். "இந்த நாள்ல எல்லாம் அது பிந்தி வந்துச்சான்னு பாருங்க" என்றார்.

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

"தாயி தூரத்து மலைக்குப் போற நாள்ல தம்பிய இதுதான் தூக்கிட்டு வந்து எங்கிட்ட விடும். விட்டுட்டுத்தான் மேல ஏறும். அந்த நாளெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம்."

பிந்தி வருகிற பிள்ளைகளின் பெயருக்கு நேரே நான் இடாப்பில் ஒரு புள்ளி வைப்பேன். இடாப்பையும் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் திகதியை வாசிக்க, அவர் கொப்பியைப் புரட்டினார். பதினொரு நாள் "சிவர". பதினொரு புள்ளி. ஒன்று பிசகவில்லை.

நான் இடாப்பை மூடி வைத்தேன். ஆயம்மா சின்னப் பிள்ளைகளின் நாற்காலி ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"நான் பண்ணுன வேலதான் டீச்சர் இது."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று பெயர். சரியாக வேலை செய்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மாலையில் எந்தக் காம்பராவிலும் அதுதான் பேச்சு. எனக்கு இன்னைக்கு அரப்பேர்தான் போட்டாங்க என்று தாய் சொல்வதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வளர்கின்றன. அதை வைத்து ஆயம்மா ஒரு விளையாட்டுச் செய்திருந்தார். காலையில் வருகிற ஒவ்வொரு பிள்ளையும் பலகையில் தன் அடையாளத்தை வரைய வேண்டும். ஒன்றுக்குச் சூரியன், ஒன்றுக்குப் பூ, ஒன்றுக்குக் குடை. பால் ஊற்றின பிறகு பிந்தி வருகிற பிள்ளை பாதிதான் வரையலாம், அதற்கு அரைப்பேர். அரைச் சூரியனைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும். கைப்பிள்ளையாக இருந்த நாளில் இருந்து அங்கே வளர்ந்த சிவரஞ்சனி, அந்தச் சட்டத்தை அப்படியே என் வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஆறு எழுத்தை எண்ணி, சரிபாதியாக்கி, நேர்மையாக எழுதியிருக்கிறாள்.

"வாங்க, அதுகிட்டயே கேப்போம்" என்று எழுந்தேன்.

"நீங்க கேளுங்க டீச்சர். நான் வாயத் தொறக்கமாட்டேன். நான் கேட்டா நான் சொல்லிக் குடுத்ததா ஆயிரும்."

கீழே பிள்ளைக்காம்பரா வாசலில் சிவரஞ்சனி தம்பிக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆயம்மா தூரத்திலேயே நின்றுவிட்டார். நான் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"ஏம்மா இன்னைக்கு மூணு எழுத்து மட்டும் எழுதுன?"

"மணியடிச்ச பொறகுதானே டீச்சர் வந்தேன். அரப்பேர்தானே."

"நேத்து?"

"நேத்து முழுப்பேர்." பிறகு என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தவள் மாதிரிக் கேட்டாள். "காலையில முழுப்பேர் எழுதிட்டு, மழைக்குப் பாதியில பள்ளிக்கூடம் விட்டா, மிச்ச எழுத்த அழிக்கணுமா டீச்சர்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்தப் பிள்ளைக்குத்தான் மூளை போதாது என்று நீல மையில் எழுதி, கீழே கையெழுத்தும் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே அதிபரின் அறைக்குப் போனேன். என் பின்னாலேயே ஆயம்மாவும் சிவரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். படிவங்கள் மேசையில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. நான் விஷயத்தைச் சொன்னேன். அதிபர் கெட்டவர் இல்லை. ஆனால் எழுதிய தாளைத் திரும்ப எடுப்பது அவருக்கு வாழ்க்கையிலேயே பிடிக்காத காரியம்.

"நேத்து மந்தம்னு எழுதுனீங்க, இன்னைக்குக் கெட்டிக்காரிங்குறீங்க. கேட்டா நான் என்னத்தச் சொல்றது?" என்றவர் வாசலைப் பார்த்தார். "அந்த ஆயம்மா வந்து ஒங்க மனச மாத்திருச்சா? உண்மையச் சொல்லுங்க. அது பேச்சக் கேட்டு நான் தாள எடுக்க முடியாது. கட்டு அப்புடியே போகட்டும்."

"இல்ல சார்" என்றேன். "நான்தான் கவனிச்சேன். கொப்பியையும் இடாப்பையும் ஒத்துப் பாத்து நான்தான் கண்டுபிடிச்சேன்."

பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழுக்க அப்படி இல்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் என் தவறைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் ஆசிரிய ஆலோசகராகி, பண்டாரவளையிலும் பதுளையிலும் பயிற்சி வகுப்பு எடுக்கிற இந்த நாளிலும், இந்தக் கதையைச் சொல்லும்போது "நான் கவனித்தேன்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். கைதட்டுவார்கள். குனிந்து தண்ணீர் குடிப்பேன்.

வாசலில் இருந்து சிவரஞ்சனியின் குரல் வந்தது. "இல்ல டீச்சர். ஆயம்மாதானே கண்டுபிடிச்சாங்க. நேத்து அந்திக்கு அம்மாகிட்ட சொன்னாங்களே."

அதிபர் பேனாவைக் கீழே வைத்தார். படிவக் கட்டிலிருந்து அந்தத் தாளை எடுக்கப் போன அவருடைய கை நின்றுவிட்டதை நான் பார்த்தேன். ஆயம்மாவும் அதைப் பார்த்தார்.

"புள்ள வெளங்காமச் சொல்லுதுங்க சார்" என்றார் ஆயம்மா. கண் தரையில் இருந்தது. "டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க. நான் அஞ்சாம் வகுப்புங்க. எனக்கு எப்புடித் தெரியும்?"

எதையும் நிரூபிக்காமல் ஒப்புக்கொள்ளாத மனுஷி. தராசு முள்ளைக்கூட நம்பாதவர். அவர் வாயில் இருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. வகுப்பில் அந்தப் பிள்ளையின் நாற்காலி பறிபோகாமல் இருக்கத்தான் அவர் அதைச் சொன்னார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அங்கே நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

அதிபர் எங்கள் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு கட்டை அவிழ்த்து, தாளை உருவி, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "போய் வகுப்பப் பாருங்க டீச்சர்" என்றார்.

வெளியே வந்ததும் ஆயம்மா பிள்ளையின் தலையைத் தடவி, "டீச்சரோட போ" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கீழே இறங்கிப் போய்விட்டார். நான் கையை நீட்டினேன். சிவரஞ்சனி இறங்கிப் போகிறவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடிக்காமல், புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் தனியாக வகுப்புக்குள் நடந்து போனாள்.